பழைய வீதி ஒன்றை மீட்பது எப்படி? புதுச்சேரி வைசியாள் வீதியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடற்கரைச் சாலையில் இறங்கி, மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டி மேற்கே போனால் தமிழர் பகுதி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கிழக்குக்கு வெள்ளை நகரம், மேற்குக்குக் கறுப்பு நகரம் என்று பெயர். 1761-ல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளியபோது தப்பித்த, நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு (1738-ல் கட்டியது) இந்தத் தமிழர் பகுதியில்தான் இருக்கிறது. வடக்கே பெருமாள் கோயில், ஈசுவரன் கோயிலை ஒட்டிய செட்டி வீதிகள், நடுவில் சம்பா கோயில் என்கிற பெரிய கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சுற்றிக் கிறித்தவர் வீதிகள், தெற்கே முஸ்லிம்களின் வீதிகள். கீழ்த்தளத்தில் திண்ணையும் தாழ்வாரமும், மேல்தளத்தில் பிரெஞ்சுக் கட்டடத்தைப் பார்த்துச் செய்த வளைவு ஜன்னலும் தூண்களும். இந்தக் கலப்பு வீடுகளை இவ்வளவு நெருக்கமாக வேறு ஊரில் பார்ப்பது கடினம்.

இவற்றில் ஏராளமானவை போய்விட்டன. 1995-ல் பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு எடுத்த கணக்கில் புதுச்சேரியில் சுமார் 1800 பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. அதற்குப் பிறகு இடிபட்டவற்றில் பெரும்பங்கு தமிழர் பகுதியைச் சேர்ந்தது. அந்தப் போக்கை ஒரே ஒரு வீதியில் நிறுத்திப் பார்த்த முயற்சிதான் கால்வே சுப்பராயச் செட்டி வீதி, ஊர்ப் பேச்சில் வைசியாள் வீதி. 2002 முதல் 2004 வரை ஆசிய, ஐரோப்பிய நகரங்களைச் சேர்த்து வேலை செய்ய வைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரி நகராட்சி, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய ஊர்களோடு சேர்ந்து இதைச் செய்தது. தொழில்நுட்ப வேலை இன்டாக்குடையது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது இந்த வீதிக்குக் கிடைத்தது.

கும்பகோணமோ, காரைக்குடியோ, நாகப்பட்டினமோ, உங்கள் ஊரின் நடுவிலும் இப்படி ஒரு வீதி இருக்கும். அதை மீட்க நினைக்கிற நகர்மன்ற உறுப்பினர், வீதிச் சங்கம், இளம் கட்டடக்கலைஞர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் படி படியாகப் பிரித்திருந்தாலும், வேலை அப்படி ஒழுங்காக வராது. மூன்றாவது படியில் இருக்கும்போதே ஒன்பதாவது படியின் சிக்கல் வந்து கதவைத் தட்டும். ஆனாலும் வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: தண்ணீர் முதலில், வண்ணம் கடைசியில்.

படி 1: ஒரு வீதியை மட்டும் எடுங்கள்

'பழைய நகரப் புனரமைப்பு' என்று பெயர் வைத்து நாற்பது வீதிகளுக்கு வரைபடம் போடுவது சுலபம். வேலை முடிவது நடக்காது. ஒரு முனையிலிருந்து அடுத்த முனைவரை ஒரு வீதி போதும்.

எந்த வீதி? நான் நான்கு விஷயம் பார்ப்பேன். பாதிக்கு மேல் பழைய வீடுகள் அடுத்தடுத்து நிற்க வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு கான்கிரீட் கட்டடம் இருந்தால் பரவாயில்லை. நான்கைந்து வீட்டிலாவது சொந்தக்காரரே குடியிருக்க வேண்டும். தினமும் ஆட்கள் வந்துபோகிற ஒரு கோயிலோ பள்ளியோ கடையோ வேண்டும். கடைசியாக, அந்த வீதியில் எல்லாரும் மதிக்கிற ஒருவர் இருக்க வேண்டும், அவர் மாவு மில் வைத்திருப்பவராக இருந்தாலும் சரி. இந்த நான்காவது இல்லாத வீதியை எடுத்தால் கூட்டம் போடவே ஆள் கிடைக்காது.

படி 2: மழை நாளில் கணக்கெடுங்கள்

கணக்கெடுப்பு என்றவுடன் எல்லாரும் வெயில் நாளில், நல்ல வெளிச்சத்தில், கேமராவோடு போகிறார்கள். நானும் போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, "போட்டோ எடுத்து என்ன பண்ணப் போற தம்பி? ஐப்பசியில வா. கூடத்துல எத்தனை குண்டான் வெச்சிருக்கேன்னு எண்ணிப் பாரு" என்றார். மழையில் போனேன். ஏழு குண்டான். அவை எங்கெங்கே இருந்தன என்று தரையில் சாக்பீசால் குறித்ததுதான் அந்த வீட்டுக் கூரையின் உண்மையான வரைபடம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். அதில் எழுத வேண்டியவை: யார் பெயரில் இருக்கிறது, யார் குடியிருக்கிறார்கள், எத்தனை பங்காளிகள், வாடகை எவ்வளவு, கூரை நாட்டு ஓடா, மங்களூர் ஓடா, மெட்ராஸ் டெரஸா (கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தட்டைத் தளம், படி 6-ல் வரும்), பிறகு போட்ட கான்கிரீட்டா, சுவரில் ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது, எங்கே சிமென்ட் பூசியிருக்கிறார்கள், கழிப்பறை எங்கே, கழிவுநீர் எங்கே போகிறது, மின்கம்பி எத்தனை வருடம் பழையது. வீட்டு முகப்பை எதிர்ச் சாரியிலிருந்து, எல்லா வீட்டுக்கும் ஒரே தூரத்தில், நேராக நின்று எடுங்கள். அடுத்தடுத்து ஒட்டினால் வீதியின் முழு நீளம் ஒரே படமாக வரும். கூட்டத்தில் அதைச் சுவரில் மாட்டிப் பாருங்கள், ஆளாளுக்குத் தன் வீட்டைத் தேடி வருவார்கள்.

பழைய முகப்பு எப்படி இருந்தது என்று தெரிய ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டியதில்லை. கல்யாண ஆல்பங்களைக் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வாசலில்தான் நின்றிருக்கும். பின்னால் தாழ்வாரத்து மரத்தூண், கதவின் மேல் செதுக்கல், திண்ணையின் அகலம் எல்லாம் கிடைக்கும். தச்சருக்கு அளவு சொல்ல இதைவிட நல்ல சான்று இல்லை.

படி 3: பத்திரத்தைப் பாருங்கள், பாகப்பிரிவினையில் தலையிடாதீர்கள்

பழைய வீடு இடிந்து விழுவதற்கு மழையைவிடப் பெரிய காரணம் பங்காளிச் சண்டை. தாத்தா பெயரில் இருக்கும் வீடு, மூன்று தலைமுறை தாண்டி, பதினோரு பேருக்குச் சேர வேண்டியது. இருவர் சென்னையில், ஒருவர் துபாயில். புதுச்சேரியில் இன்னொரு சுற்றும் உண்டு: பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பாரீசிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள், நோத்தேர் (பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரி) பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரங்கள். ஓட்டில் ஒரு விரிசலை அடைக்க ஐந்தாயிரம் ரூபாய் யார் கொடுப்பது என்று தீராமல் பத்து வருடம் போகும். அதற்குள் உத்திரமே இற்றுவிடும். அப்புறம் எல்லாரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்: விற்றுவிடலாம்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். பாகத்தை யாருக்கு எவ்வளவு என்று தீர்க்க முயல வேண்டாம். பழுதுபார்ப்புக்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள். இந்த வேலையால் யாருடைய பங்கும் கூடாது, குறையாது, இதை வைத்து யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று ஒரு பக்கக் கடிதம். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்தே உரிய முறையில் சான்றொப்பமிட்டு அனுப்பட்டும். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்து எழுதுங்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் மூன்றின் நகலும் அந்த வீட்டுத் தாளோடு இருக்கட்டும்.

குடியிருப்பவர் வாடகைதாரர் என்றால் அவரையும் அதே கூட்டத்தில் உட்கார வையுங்கள். 'வீடு புதுசாகும், என்னைக் கிளப்பிவிடுவார்கள்' என்ற பயம் அவருக்கு நியாயமாகவே இருக்கும். கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமான வீடுகளுக்கு வழி வேறு. அங்கே அலுவலகத்துக்கு அலைச்சல் அதிகம். அவற்றை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிவிடுவது புத்திசாலித்தனம்.

படி 4: பணம், ஆளுக்குப் பாதி

வைசியாள் வீதியில் முகப்புச் செலவில் வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். முழுவதையும் திட்டமே கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இலவசமாகப் பூசிய சுவரில் வீட்டுக்காரர் மறுவாரமே ஏ.சி.க்கு ஓட்டை போடுவார். தன் கையிலிருந்து கொஞ்சம் போயிருந்தால் போடுவதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்பார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பீட்டை மூன்றாகப் பிரியுங்கள்: விழாமல் நிறுத்துவதற்கு, ஒழுகாமல் செய்வதற்கு, அழகாக்குவதற்கு. பொதுப்பணம் முதல் இரண்டுக்கும், வீதியைப் பார்த்த முகப்புக்கும் போகட்டும். உள்ளே சமையலறைக்கு டைல்ஸ் போடுவது அவர்கள் பாடு. பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்த்த பிறகு கொடுங்கள். கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு கொடுப்பது என் வழக்கம். கொத்தனாரின் கவனம் தானாகக் கூடும். இத்தனை ஆண்டுக்கு இடிப்பதில்லை, முகப்பை மாற்றுவதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்.

அரசுத் திட்டங்கள் வரும், போகும். 2015-ல் பாரம்பரிய நகரங்களுக்காக மத்திய அரசு தொடங்கிய ஹ்ரிதய் திட்டத்தில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இருந்தன. 2017-ல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் வீடு வீடாக மதிப்பீடு வைத்திருப்பவருக்குத்தான் பணம் கிடைக்கும். எனவே திட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் தாள்களைத் தயாராக வையுங்கள்.

படி 5: தண்ணீர்

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு சிறிய ஊரில், கோயில் திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பன்னிரண்டு வீடுகளின் முகப்பைப் பூசி வண்ணம் அடித்துவிட்டோம். வீதிச் சாக்கடை அப்படியே கிடந்தது. திருவிழாவில் எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த தை மாதம் போய்ப் பார்த்தேன்: தரையிலிருந்து இடுப்பளவுக்குச் சுவர் முழுதும் உப்புப் பூத்து, வண்ணம் பொருக்குப் பொருக்காக உரிந்து கிடந்தது. அதற்கு மேலே முகப்பு பளபளவென்று இருந்ததால் கீழே இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது.

பழைய வீதிகளில் நடப்பது இதுதான். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதிய தார். ஐந்தாறு தடவை போட்டதும் வீதி உயர்ந்து, வீடு பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான். மழைத் தண்ணீர் வாசலுக்குள் வரும். வராவிட்டாலும் சுவரின் அடியில் ஊறிக்கொண்டே இருக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலர் எழுத்தில் உத்தரவு போட்டார். உங்கள் ஊர் ஒப்பந்ததாரரிடம் அதைக் காட்டுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் சாலை மட்டத்தைப் பழைய திண்ணைப் படிகளின் கணக்குக்குக் கீழே இறக்குவது. பிறகு வடிகால், மழைநீருக்குத் தனி, கழிவுநீருக்குத் தனி. குடிநீர்க் குழாய், மின்கம்பி, இணையக் கம்பி எல்லாம் தரைக்குள் போக வேண்டுமானால் இதே சமயத்தில்தான். ஒவ்வொரு துறையும் தனித்தனியாகத் தோண்ட வந்தால் ஒரே வருடத்தில் வீதியை நான்கு முறை தோண்டுவார்கள். நகராட்சி ஆணையர் தலைமையில் எல்லாத் துறைகளின் பொறியாளர்களையும் ஒரே நாள் வீதியில் நடக்க வைக்க முடிந்தால், திட்டத்தில் பாதி முடிந்தது போலத்தான்.

வீட்டுக்குள்ளும் ஒரு சோதனை செய்யுங்கள். முற்றத்தில் விழுகிற மழை வெளியே போகும் குழாய் பெரும்பாலான வீடுகளில் அடைபட்டிருக்கும், அல்லது யாரோ அதன் மேல் தரை போட்டு மூடியிருப்பார்கள். ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி எங்கே வெளியே வருகிறது என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்தச் சுவரின் ஓதத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

படி 6: கூரையும் சுண்ணாம்பும்

வேலையின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பேசுவோம்.

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைக் குத்துவாக்கில், சாய்வாக, சுண்ணாம்புக் காரையில் வைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள் கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே அடித்த தளம் அது.

இது ஒழுக ஆரம்பித்தால் இன்றைய முதல் யோசனை: மேலே சிமென்ட் ஒரு அங்குலம் போட்டுவிடு. அப்படிப் போட்ட தளம்தான் முதலில் விழும். சிமென்ட் வெயிலில் விரியும் அளவும் கீழே உள்ள சுண்ணாம்புத் தளம் விரியும் அளவும் வேறு. மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நேராகக் கட்டையின் முனைக்கு இறங்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் இற்றுப்போகும். வெளியே தெரியும் பாகம் திடமாகவே தோன்றும். எனவே கட்டையைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாமல், சுவரோடு சேரும் இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் போவது போல் இறங்கினால் அன்றைக்கே முட்டுக் கொடுங்கள். மதிப்பீடு, கூட்டம் எல்லாம் பிறகு.

சுவருக்கும் இதே கதைதான். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் ஏறிய ஈரம் அதன் வழியாக உலர்ந்து போகும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, செங்கல்லை மாவாக்கி, இன்னும் உயரத்துக்கு ஏறும். புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊரில் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே முதல் வேலை, பிறகு பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுப்பது. கொத்திய பிறகு சுவரைப் பல வாரம் வெறுமனே காய விடுங்கள். இந்த இடைவெளியில் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சுண்ணாம்பைப் பையில் வாங்கி அன்றே கலக்கக் கூடாது. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, தண்ணீருக்குக் கீழே வாரக் கணக்கில் கிடக்க விட்டால் வெண்ணெய் போல் ஆகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு நல்ல ஆற்று மணல் என்பது பொதுவான அளவு; ஓதம் ஏறும் அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து செங்கல் பொடி சேர்ப்பது நல்லது. கடல் மணல் கூடவே கூடாது. ஒரே கனமாக அப்பாமல் மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. வெயில் காலத்தில் ஈரச் சாக்கு கட்டி வையுங்கள். இந்த வேலைக்கு நல்ல நேரம் தை முதல்; வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்குள் கூரை வேலை எல்லாம் மூடியிருக்க வேண்டும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்தால் கை பரபரக்கும், பிடுங்காதீர்கள். வேர் செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அறுத்து, வேரைச் சாகடித்து, காய்ந்த பிறகு அந்த இடத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த கொத்தனார் எங்கே? செட்டிநாட்டில் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு போடுகிற வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து வாருங்கள், ஆனால் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் ஊர்க் கொத்தனார் இருவரை அவரோடு ஒரு முழு வீடு முடியும்வரை சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கு அந்த நாட்களின் கூலியைத் திட்டமே கொடுக்கட்டும். முதல் சுவர் மாதிரிச் சுவராக, யாருக்கும் தெரியாத பின்கட்டில் இருக்கட்டும். பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் மணியாசுக் கட்டையைச் சிமென்ட்டுக்குப் பிடித்தே பழகிய கை சுண்ணாம்புக்குத் திரும்பச் சில நாட்கள் ஆகும்.

படி 7: முகப்பு

இப்போதுதான் முகப்பு. புதுச்சேரித் தமிழ் வீட்டின் அடையாளம் இரண்டு: வீட்டுக்காரர் உட்காரும் திண்ணை, அதற்கு முன்னால் வீதியில் நடப்பவருக்கும் நிழல் தரும் தாழ்வாரம். அடுத்தடுத்த வீட்டுத் தாழ்வாரங்கள் சேர்ந்தால் வெயிலில் காயாமல், மழையில் நனையாமல் வீதியின் கோடிவரை போகலாம். ஆக்கிரமிப்பு என்று சொல்லி எத்தனை ஊரில் இவற்றை இடித்துவிட்டார்கள்! வீதியின் முகப்பை மீட்பதென்றால் இதைத்தான் முதலில் திரும்ப வைக்க வேண்டும். நகராட்சியிடம் இது ஆக்கிரமிப்பு இல்லை, வீதியின் அங்கம் என்று எழுத்தில் வாங்காமல் மரத்தூண் வாங்காதீர்கள்.

கதவு, தூண் போய்விட்ட வீட்டுக்குப் பழையது தேடி காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போகத் தோன்றும். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. அங்கே கிடக்கும் ஒவ்வொரு தூணும் இன்னொரு வீட்டைப் பிரித்து வந்தது. உங்கள் வீதியை நிமிர்த்த இன்னொரு வீதி சரிய வேண்டாம். தச்சரிடம் புதிதாகச் செய்யுங்கள், எளிமையாக இருக்கட்டும்.

நடுவில் நிற்கும் கான்கிரீட் கட்டடத்துக்குப் போலித் தூண் ஒட்ட வேண்டாம். தாழ்வார உயரத்தில் ஒரு நிழல் கூரை, அளவான பெயர்ப்பலகை, பக்கத்து வீட்டோடு சேரும் வண்ணம் இவை போதும். ஏ.சி. பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் பின்கட்டுக்குப் போகட்டும். வண்ணத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும். சுண்ணாம்பில் கலந்த வண்ணம் என்ற ஒரே விதியை வைத்துவிட்டு நிறத்தை வீட்டுக்காரரிடம் விடுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் படி 6-ல் செய்ததெல்லாம் வீண்.

படி 8: யார் குடியிருப்பார்கள்?

பழைய வீட்டில் இளைய தலைமுறை ஏன் தங்குவதில்லை என்று கேட்டால் 'நாகரிகம்' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். வீட்டு மருமகளைத் தனியாகக் கேளுங்கள். இரவில் முற்றத்தைத் தாண்டிக் கொல்லைக்குப் போக வேண்டிய கழிப்பறை, புகை போகாத சமையலறை, இன்வெர்ட்டர் தாங்காத வயரிங். இதுதான் பட்டியல். பின்கட்டில் ஒரு நல்ல குளியலறையைக் கட்டிக் கொடுத்தால் ஒரு குடும்பம் அந்த வீட்டில் இன்னும் இருபது வருடம் இருக்கும். செதுக்கிய கதவைப் புதுப்பிக்கும் செலவைவிட இது குறைவு. ஆனால் விருதுக்குப் படம் அனுப்பும்போது குளியலறையை யாரும் எடுப்பதில்லை, அதனால் திட்டங்களில் அது வருவதுமில்லை.

இன்னொரு பக்கம், மீட்ட வீதிக்கு விலை ஏறும். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000-ம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தபோது, தலைமுறைகளாகக் குறைந்த வாடகைக்கு இருந்த கடைக்காரர்களும் குடும்பங்களும் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு விலை இன்னும் ஏறியது. கட்டடம் நின்றது, ஆட்கள் போனார்கள். இத்தாலியின் போலோன்யா 1970-களில் நேர்மாறாகச் செய்தது: பழைய நகர வீடுகளை நகராட்சியே புதுப்பித்து, குடியிருந்தவர்களைத் தற்காலிகமாக வேறு வீட்டில் வைத்து, முடிந்ததும் அதே இடத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் திருப்பிக் கூட்டி வந்தது. நம் நகராட்சிகளிடம் அந்த அளவுக்குப் பணமும் அதிகாரமும் இல்லை. ஆனால் பொதுப்பணம் பெற்ற வீட்டில் இருக்கும் வாடகைதாரரை இத்தனை ஆண்டுக்கு வெளியேற்றுவதில்லை என்ற வரியைப் படி 4-ன் ஒப்பந்தத்தில் சேர்க்க முடியும்.

ஹோட்டல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருமாள் கோயில் வீதியில் ஒரு பழைய தமிழ் வீடு ஹோட்டலாகி நன்றாகவே பராமரிக்கப்படுகிறது. இல்லையென்றால் இந்நேரம் அடுக்குமாடியாகியிருக்கலாம். ஆனால் ஒரு வீதியில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தங்கும் விடுதியும் காபிக் கடையும் ஆனால் மாவு மில்காரரும் தையல்காரரும் வாடகை கட்ட முடியாமல் போவார்கள். இந்த 'ஐந்தில் ஒன்று' என் சொந்தக் கணக்கு. உங்கள் ஊருக்கு வேறாக இருக்கலாம். ஏதோ ஒரு எண்ணை உரிமம் தரும் இடத்தில் எழுதி வையுங்கள்.

வண்டி நிறுத்தம் பற்றி ஒரு வரி: வீதிக்குள் கார் வேண்டாம் என்பதற்கு முன், நடந்து வரக்கூடிய தூரத்தில் நிறுத்த ஓர் இடம் காட்டுங்கள்.

படி 9: சட்டம்

2014 நவம்பர் 29 அன்று, மழையில், புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற மேரி கட்டடம் என்ற பழைய நகராட்சி மாளிகை சரிந்து விழுந்தது. 1870-71-ல் கட்டியது. அது பட்டியலில் இருந்த, அரசுக்கே சொந்தமான கட்டடம். பட்டியலில் பெயர் இருப்பது ஒரு ஓட்டையையும் அடைக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. பிறகு உலக வங்கி உதவியோடு சுமார் 15 கோடி ரூபாய் செலவில் அதே தோற்றத்தில் கட்டி 2021-ல் திறந்தார்கள்.

ஆகவே நகராட்சியிடம் பட்டியல் கேட்பதோடு நிறுத்தாமல் மூன்றைக் கேளுங்கள். இடிக்க அனுமதி கேட்டு வரும் மனு பாரம்பரியக் குழுவைத் தாண்டாமல் போகக் கூடாது. பழுதுபார்க்க அனுமதி கேட்டால் சில நாட்களில் பதில் வர வேண்டும். இடிக்க ஒரு மாதம், ஓடு மாற்ற ஆறு மாதம் என்று இருந்தால் மனிதன் இடிக்கத்தான் செய்வான். மேலே மாடி கட்டும் உரிமையை இழக்கிற வீட்டுக்காரருக்குச் சொத்து வரியில் சலுகையோ, அந்த உரிமையை வேறு இடத்துக்கு விற்கும் வசதியோ கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ன் மரபுசார் ஆணையச் சட்டம் இருக்கிறது, அதைக் காட்டிப் பேசலாம்.

படி 10: ஒவ்வொரு புரட்டாசியும்

திட்டம் முடிந்து, நாடா வெட்டி, அதிகாரிகள் போன பிறகு வீதி யாருடையது? வீதிச் சங்கத்துக்கு ஒரு வங்கிக் கணக்கும், வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகையும் வேண்டும். அதிலிருந்து வருடத்தில் ஒரே ஒரு வேலைக்குச் செலவிட்டால் போதும்.

புரட்டாசி கடைசி வாரம், ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு ஏணியும். முதல் வீட்டில் தொடங்கி எல்லா வீட்டு மாடியிலும் ஏறுவார்கள். காய்ந்த இலையையும் காற்றில் வந்த பிளாஸ்டிக்கையும் அள்ளிப் போடுவார்கள்; தண்ணீர் இறங்கும் துவாரத்தில் கம்பியை விட்டுக் குத்துவார்கள்; நகர்ந்த ஓட்டைத் தள்ளி வைப்பார்கள்; தட்டோட்டு இடுக்கில் விரலைவிட்டுப் பார்த்து, பிளந்த இடத்தில் சுண்ணாம்பை வழிப்பார்கள்; அரை விரல் உயரத்தில் முளைத்த அரசங்கன்றை அப்போதே கிள்ளிவிடுவார்கள். இறங்கும்போது அந்த வீட்டுத் தாளில் தேதி போட்டு, பார்த்ததை இரண்டு வரி எழுதுவார்கள். ஏழு குண்டான் வைத்த பாட்டி வீட்டுத் தாளில் போன வருடம் எழுதியிருந்தது: "மேற்கு மூலையில் ஒரு ஓடு மாற்றப்பட்டது. வேறு இல்லை."